ஏரியை அளந்த அக்கா

அக்கா டீ குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேன்டீனில் டம்ளரை வாங்கி மேஜைமேல் வைப்பாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மேலே எழும் ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் என் டீயை ஊதி உறிஞ்சி, நாக்கையும் சுட்டுக்கொண்டு, காலி டம்ளரோடு எழுந்து நிற்பேன். அவள் டீயில் அதற்குள் ஆடை படிந்திருக்கும்.

"குடியேன்க்கா. லேபுக்குப் போவ வாணாமா?"

"இருடி. அடங்கட்டும்."

எதற்கும் அவளிடம் இந்த ஒரு பதில்தான். டவுன் பஸ் வந்து நிற்கும், ஊரே முண்டியடித்து ஏறும், அக்கா மட்டும் "அடங்கட்டும்" என்று தள்ளி நிற்பாள். அடங்குவதற்குள் பஸ் போய்விடும். ஹாஸ்டலில் பாத்ரூம் வரிசைக்காக இரண்டு பெண்கள் குடுமிப்பிடி சண்டை போட்டபோதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்று இதையேதான் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டிலிருந்து முடிவைக் கேட்டுப் போன் மேல் போன் வந்தபோதும் இதேதான். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன்.

நாங்கள் இருவரும் ஓர் அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிவில் துறை ஆராய்ச்சி மாணவிகள். அவள் எனக்குப் பல வருடம் சீனியர். துறையின் பின்பக்கம் ஒரு நீளமான அறையில் எதிரெதிரே எங்கள் மேஜைகள். நான் கான்கிரீட். கலவை போட்டுக் கட்டி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, எந்திரத்தில் வைத்து நசுக்கினால் படீரென்று உடையும். எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. என் குணத்துக்கு ஏற்ற படிப்பு.

அக்காவின் ஆராய்ச்சி பாகூர் ஏரி. ஏரியென்றால் ஏரியிலிருந்து வாய்க்காலில் போகும் தண்ணீர் அல்ல, வானத்துக்குப் போகும் தண்ணீர். வெயிலிலும் காற்றிலும் ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் மதகை எப்போது திறப்பது, எத்தனை நிலத்துக்குத் தண்ணீர் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

"காணாம போற தண்ணிய அளக்கறதுக்கு ஒரு பிஎச்.டி.யா?" என்று கேலி செய்வேன்.

"காணாம எங்க போவுது? இப்ப நம்ம தலைக்கு மேல ஒரு ஏரி போயினு இருக்குது. நீ நிமிந்து பாக்கறதில்ல, அவ்ளோதான்" என்பாள்.

நான் நிமிர்ந்து பார்ப்பேன். மின்விசிறிதான் தெரியும்.

ஏரியை நேரே அளக்க முடியாது. அதனால் கரையோரம் ஒரு தொட்டி வைத்திருந்தாள். அகலமான, ஆழமில்லாத, வெள்ளைப் பெயின்ட் அடித்த வட்டத் தகரத்தொட்டி. துறையில் இருந்த பழைய தொட்டி ஒழுகியதால், திருபுவனையில் ஒரு பட்டறையில் அவளே சொல்லிச் செய்வித்தது. மரச்சட்டத்தின் மேல் அதை வைத்து, காக்கை குருவி வாய் வைக்காமல் இருக்கக் கம்பி வலை போட்டு மூடியிருந்தாள். தினமும் காலையில் குறியளவுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு வருவாள். மறுநாள் காலை போய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். குறைந்தது வானத்துக்குப் போனது.

தொட்டிக்கு இடம் கொடுத்தவர் ஏரிக்கரையை ஒட்டி நெல் பயிரிடும் ஓர் அம்மாள். அக்கா அவரை அத்தை என்று கூப்பிடுவாள், நானும் அப்படியே. முதல்நாள் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கியபோது அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கொம்யூன் பஞ்சாயத்துலேர்ந்தா வரீங்க? வரி கிரி எதுனா போடப் போறீங்களா?" என்று கேட்டாராம். படிக்கிற பிள்ளை, பரீட்சைக்காக வைக்கிறேன் என்று அக்கா சொன்னதும், "அப்ப எம்மாம் நாளு வேணா வச்சிக்கம்மா" என்று மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வேலி போட்டே கொடுத்துவிட்டார்.

எப்போதாவது நானும் ஸ்கூட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போவேன். வில்லியனூர் தாண்டியதும் கரும்பும் நெல்லுமாகப் பனியில் கிடக்கும். ஏரிக்கரை ஏறினால் தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தூரத்தில் நாரைகள் நிற்கும், தரையில் நிற்கின்றனவா மிதக்கின்றனவா என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த நேரத்தில் தூக்கம்தான் வரும், ஆனாலும் இன்றைக்குக் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தக் காலைகள்தான்.

அக்கா வலையை விலக்கிக் குனிவாள். தொட்டிக்குள் ஒரு சிறு குழாய் நிற்கும். அதற்குள் ஒரு கொக்கி. திருகைத் திருகினால் கொக்கியின் முனை அடியிலிருந்து மெல்ல மேலே வந்து, தண்ணீரின் மேல்தோலை உள்ளிருந்து தொடும். தொட்டு, ஆனால் கிழிக்காமல் நிற்க வேண்டும். அந்த இடம்தான் அளவு. மூச்சுக்காற்று பட்டாலும் தண்ணீர் ஆடும். ஆடினால் அக்கா கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். கொசு கடிக்கும், அசையமாட்டாள். அத்தை உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார்: "இன்னாம்மா, தண்ணில மொகம் பாத்துனு இருக்கியா?"

"அடங்கட்டும் அத்தை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தச் சொல்லை அவள் எங்கே பிடித்துக்கொண்டாள் என்று.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் ஆராய்ச்சியின் கடைசிக் கட்டத்தில் லேபுக்குப் பின்னால் வெட்டவெளியில் நான்கு பெரிய பலகைகள் வார்த்துப் போட்டிருந்தேன். கான்கிரீட் இறுகத் தண்ணீர் வேண்டும். சாக்குப் போட்டு மூடித் தினமும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தாலும் விரிசல் விடும், அத்தனை மாத வேலையும் குப்பை. அந்த நேரம் பார்த்து எனக்கு மஞ்சள்காமாலை. வில்லியனூரில் வீட்டில் படுத்துக்கொண்டு, பலகை போச்சு, படிப்பும் போச்சு என்று அழுதேன். உடம்பு தேறித் திரும்பி வந்தபோது சாக்கு நான்கும் சொட்டச் சொட்ட இருந்தது. பாகூருக்குப் போய்வந்த களைப்போடு காலையும் மாலையும் அக்கா குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறாள். யாரும் சொல்லி அல்ல. நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "மோட்டர் ரிப்பேர்டி, அதான் கையில தூக்க வேண்டியதாப் போச்சி" என்று மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பலகைகளில்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது.

அவளுடைய பட்டத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தால் இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி உண்டு. நீட்டித்து நீட்டித்து அவளுக்கு அது கடைசி வருடம். அந்தக் கோடையோடு களவேலையை முடித்து, ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் பதிவு ரத்து, போட்ட உழைப்பெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பு. பட்டம் இருந்தால்தான் நிரந்தர ஆசிரியர் வேலைக்கு மனு போடவே முடியும். மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு போடும் அவள் அப்பா, "எம் பொண்ணு டாக்டராவப் போறா, ஊசி போடாத டாக்டரு" என்று சர்க்கரை ஆலைக்கு வெட்டிய கரும்பை ஏற்றப் போகிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் கோடையில்தான் அதிசயம் நடந்தது. கத்திரி வெயில் ஏற ஏற ஆவியாவது அதிகமாக வேண்டும். அக்காவின் தொட்டியில் அது குறைந்தது. வெயில் கொளுத்திய நாட்களில்தான் தண்ணீர் மிகக் குறைவாகப் போயிருந்தது. வரைபடத்தில் வெயிலின் கோடு மேலே ஏற, தண்ணீரின் கோடு கீழே இறங்கியது. அக்கா கொக்கியைச் சரிபார்த்தாள், தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் கைடு, ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த மனிதர், அந்த வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உச்சி வெயிலில் ஏரியின் ஈரக்காற்று கரைமேல் போர்வை போல் படிகிறது, அதனால்தான் என்று இருவரும் பேசிப்பேசி ஒரு விளக்கம் கண்டார்கள். "இது புதுசும்மா. இந்த ஒரு அத்தியாயம் போதும்" என்றார் சார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கும் அந்தக் கோட்டின் மேல் ஒரு மயக்கம். வெயில் அதிகமாகும்போது ஏரி தன்னை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது என்பதை நினைக்கவே குளிர்ச்சியாக இருந்தது. அக்கா சில நாள் மேஜையில் கன்னத்தைச் சாய்த்து அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். கோட்டின் வழியே எங்கோ போய்விட்டிருப்பாள், கூப்பிட்டால் காது கேட்காது.

நிறைவுக் கருத்தரங்கு வந்தது. அதில் குழுவினர் முன்னால் எல்லாவற்றையும் விளக்கி ஒப்புதல் வாங்கினால், ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுத்துவிடலாம். அதில் காட்டத் தொட்டியின் படம் வேண்டுமென்று, கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னால் என்னை அழைத்துக்கொண்டு பாகூர் போனாள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதற்காக நடுமதியத்தில் போனோம். அதுவரை நாங்கள் மதியத்தில் அங்கே போனதே இல்லை.

வேலிக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பார்த்தேன். அத்தை தொட்டிக்கு அருகில் நின்று, பித்தளைச் சொம்பிலிருந்து வலைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலிமேல் காக்கைகளும் மைனாக்களும் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தன. படம் எடுக்கத் தயாராக வைத்திருந்த செல்போனில் என் விரல் தானாக அழுத்திவிட்டது.

எங்களைப் பார்த்ததும் அத்தை முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கம்மா, வாங்க! இன்னா இந்த வெயில்ல? நீ பாட்டுக்கு வலையப் போட்டு மூடிட்டுப் போயிட்ட. பாவம் அதுங்க வந்து வந்து மூக்க வுட்டுப் பாக்குது, எட்டல. அதான் ரெண்டு சொம்பு ஊத்தி தண்ணிய மேல கொண்டாந்து வச்சா, வலை வழியா குடிச்சிட்டுப் போவும்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தெனமும் ஊத்துவீங்களா அத்தை?" என்று கேட்டாள். குரல் எப்போதும் போலவே இருந்தது.

"தெனமும் இல்லம்மா. வெயிலு அடிக்கிற அன்னிக்கி. கத்திரில மூணு சொம்பு, நாலு சொம்பு கூட ஊத்துவேன், அதுங்க தவிக்கறதப் பாத்தா மனசு கேக்கல. மப்பு போட்டிருந்தா வுட்டுடுவேன். ஏம்மா, ஊத்தக் கூடாதா?"

அந்தக் கேள்வியில் அத்தையின் முகம் சற்று வாடியது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தொட்டியைப் பார்த்தாள். சொம்புத் தண்ணீர் விழுந்த இடத்தில் வட்டங்கள் விரிந்து விளிம்பில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தன. அவை நிற்கும்வரை அவள் பேசவில்லை.

"ஒன்னும் இல்ல அத்தை. நல்லா ஊத்துங்க" என்றாள்.

அத்தை மோர் கொண்டுவந்தார். அக்கா நிதானமாகக் குடித்தாள், கறிவேப்பிலை வாசம் நன்றாக இருக்கிறது என்றாள். நான் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் கரையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"யாருக்கும் தெரியாதுக்கா. எனுக்கும் உனுக்கும்தான் தெரியும். கோட்டுக்குக் காரணம் நீயும் சாரும் எழுதிட்டீங்க. அப்படியே குடுத்துடு. உனுக்கு வேற வருசம் இல்லக்கா!"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் தண்ணீர் வெள்ளித்தகடாகக் கிடந்தது. அதற்கு மேலே காற்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கோடு தப்பு இல்லடி" என்றாள் கடைசியில். "வெயிலு ஏற ஏற அத்தைக்கு எரக்கம் ஏறியிருக்குது. அத சரியாத்தான் அளந்திருக்கோம். ஏரியோட கோடு இல்ல, அவ்ளோதான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இவளைப் பிடித்து உலுக்கினால் என்ன என்றிருந்தது.

கருத்தரங்கில் அக்கா வரைபடத்தைக் காட்டினாள். குழுவிலிருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த படத்தைப் போட்டாள். நான் எடுத்த படம்: சொம்பும் கையுமாக அத்தை, வேலி நிறையப் பறவைகள். அறை முழுக்கச் சிரித்தது. பிறகு ஒவ்வொருவருடைய சிரிப்பாக நின்றது. அக்கா அது நன்றாக அடங்கும்வரை நின்றாள்.

"இந்த அத்தியாயத்த எடுத்துடறேன் சார்" என்றாள்.

வெளியூர்க்காரர் எழுந்து வந்து கைகொடுத்தார். கைகொடுப்பதால் விதி மாறிவிடுமா என்ன? அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. இன்னொரு கோடை வேண்டும், பதிவில் இன்னொரு கோடை இல்லை. சார் நீட்டிப்புக்காக எந்தெந்தக் கதவையோ தட்டினார், முடியவில்லை. ஒரு நாள் தாழ்வாரத்தில் அக்காவை நிறுத்தி, "கோடை ஆரம்பத்துலயே ஒரு தடவ மத்தியானத்துல போயிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

அக்கா மேஜையைக் காலி செய்துகொண்டு போனாள். நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவோம். என் பிள்ளையைக் கேட்பாள், என் கல்லூரியைக் கேட்பாள், மழையைக் கேட்பாள். ஏரிப் பேச்சை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. எடுத்தால் நான் கத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

சென்ற கோடையில் பாகூரில் என் மாணவி ஒருத்திக்குக் கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும் ஸ்கூட்டி என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தொட்டி அதே இடத்தில் இருந்தது. வெள்ளைப் பெயின்ட் உரிந்திருந்தது. மேலே வலை இல்லை. இரண்டு மைனாக்கள் உள்ளே இறங்கித் தண்ணீரை வாரியடித்துக் குளித்துக்கொண்டிருந்தன. அத்தை என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலை எங்க அத்தை?" என்றேன்.

"உங்க அக்காவே கழட்டிக் குடுத்துடுச்சே! தோ, அவரைக்கொடி ஏத்தி வுட்டிருக்கேன் பாரு. தொட்டியும் உங்களுக்கே அத்தைன்னு சொல்லிட்டுப் போச்சி, தங்கமான பொண்ணு. அன்னிக்கி இம்மாம் பெரிய டப்பால லட்டு வாங்கினு வந்துது."

"லட்டா? எதுக்கு?"

"எதுக்காவா? பாஸானதுக்குத்தான்! 'டாக்டராயிட்டேன் அத்தை, நீங்க ஊத்துன தண்ணிலதான் பாஸானேன்'னு என் வாயில ஊட்டிவுட்டுது. எங்க வூட்டுக்காரரு தெரு முழுக்க அந்த லட்ட எடுத்துனு போயி குடுத்துட்டு வந்தாரு."

நான் வேலிக்கழியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொம்புத் தண்ணீரை மறைக்கத் தெரியாமல் தன் பட்டத்தையே விட்டுக்கொடுத்தவள், டப்பா நிறைய லட்டு வாங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி வந்து, இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட. உடைப்பதுதானே என் வேலை.

அத்தை சொம்பை முக்கித் தொட்டியில் ஊற்றினார். வட்டங்கள் விரிந்தன. நான் வாயை மூடிக்கொண்டு அவை நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றதும் தொட்டிக்குள் வானம் தெரிந்தது.

"நீ பாஸாயிட்டியாம்மா?" என்றார் அத்தை.

"ஆயிட்டேன் அத்தை."

"உனுக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

கேலியாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சொட்டச் சொட்ட நனைந்த நான்கு சாக்குகள் கண்முன் வந்தன.

"அந்த அக்காதான் அத்தை" என்றேன்.